இரண்டு ஊரும் மாப்பிள்ளை வீடு

பாபநாசம் கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரு கல்யாண மண்டபம். அதன் வாசலில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மேஜை. அதன்மேல் சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு, ஒரு கூடை ரோஜாப்பூ. மார்கழி முடியப்போகிற சமயம். சற்று நேரம் வெயில் சுள்ளென்று அடிக்கும், சற்று நேரம் மேகம் மூடிக்கொள்ளும்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் மேலப்பண்ணைக்காரர்கள். நான் வாழ்க்கைப்பட்ட ஊர். முன்னால் சலவை வேட்டியில் என் கணவர் கோவிந்தராசு. இந்தப் பக்கம் உரக்கடை வாசலில் இன்னொரு வேன். அது கீழப்பண்ணை. நான் பிறந்த ஊர். அங்கே முன்னால் நின்றது என் தம்பி கலியமூர்த்தி.

யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு ஊர் விவசாயிகளும் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப்போகிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒருவரும் வாசற்படி ஏறவில்லை.

காரணம் இதுதான். மண்டபத்துக்குள் முதலில் வருகிறவர்கள் பெண் வீட்டார் ஆகிவிடுவார்கள். பெண் வீட்டார்தான் முன்கூட்டியே வந்து வாசலில் நின்று, சந்தனம் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க வேண்டும். இரண்டு ஊருமே மாப்பிள்ளை வீடாகத்தான் இருப்போம் என்று வந்திருந்தன. யாராவது வந்து அழைக்கட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் வெயிலில் நின்றார்கள்.

உள்ளே மேடையில் வேளாண்மைத் துறையிலிருந்து வந்த இளம் அதிகாரி தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். நம் பக்கத்துக்கு அவர் புதிது. அடிக்கடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஏன் யாரும் உள்ள வரல? எதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல தம்பி. வருவாங்க."

"ரொம்ப நேரமா இதையேதான் சொல்றீங்க."

அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் மேலிடத்துக்கு எப்படி எழுதுவார்?

ஐரோப்பாவும் நானும்

'உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஐரோப்பாதானா?' என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் சென்ற வாரம் கேட்டிருந்தார். ஆமாம் ஐயா. சோறு போட்டது அதுதான்.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தினேன். அரசியலமைப்புச் சட்டம், உள்ளாட்சி என்று நல்ல பாடங்களையெல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஐரோப்பிய ஒன்றியம். அதை என் தலையில் கட்டினார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப் போக அதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஐரோப்பாவை நான் பார்த்ததில்லை. ஒரு பயிற்சி வகுப்புக்கு டெல்லி போய் வந்ததுதான் என் அதிகபட்சப் பயணம். ஆனால் அங்கே எந்த நாடு எந்த நாட்டோடு எப்போது முறுக்கிக்கொண்டது என்பதெல்லாம் எனக்குச் சொந்தக்காரர் வீட்டு விவகாரம் மாதிரி அத்துப்படி.

தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்ட இரண்டு பக்கத்து நாடுகள். போர் முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். பாசம், நட்பு என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. நிலக்கரியும் இரும்பும் இல்லாமல் பீரங்கி செய்ய முடியாது அல்லவா? அந்த இரண்டையும் முதலில் பொதுவில் வைத்தார்கள். இன்னும் நாலு நாடுகள் கூடச் சேர்ந்துகொண்டன. அப்புறம் சுங்கவரி இல்லாமல் சரக்கு போய்வந்தது. அப்புறம் ஆட்கள் போய்வந்தார்கள். அப்புறம் பலருக்கும் ஒரே பணம்.

பிரிட்டன் முதலில் எனக்கு வேண்டாம் என்றது. பிறகு நானும் வருகிறேன் என்றது. பிரான்ஸ், வராதே என்றது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஒருவழியாக உள்ளே வந்த பிறகும், பல வருடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, சமீபத்தில் ஒரேயடியாக வெளியே போய்விட்டது. இந்தப் பாடம் நடத்தும்போது மட்டும் என் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பா இருந்தார்.

நார்வே கதை இன்னும் ருசி. அரசாங்கம் போய்ப் பேசி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்து ஜனங்களைக் கேட்டால், வேண்டாம் என்றார்கள். பல வருடம் கழித்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வேண்டாம். முக்கியமான காரணங்களில் ஒன்று மீன். எங்கள் கடலில் எவனோ வந்து வலை போடுவானா என்ற கோபம். இதை நான் சொன்ன அன்று, முத்துப்பேட்டைப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து நின்றாள். அந்த வருடம் முழுக்க வாயே திறக்காதவள்.

"மேடம், அவங்க செஞ்சதுல என்ன தப்பு?"

"தப்புன்னு நான் சொல்லலியேம்மா."

"நீங்க சொன்ன விதம் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். படிப்பு முடிகிற வரைக்கும் அவளுக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல்தான்.

தூதரகம் நடத்திய கதை

ஊர்களின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றிய பெயரில்கூட எதை முதலில் எழுதினேன் என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள்.

மேலப்பண்ணை வாய்க்காலின் தலைமடை. ஆற்றுத் தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும். கீழப்பண்ணை கடைமடை. மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால் அங்கே வரும். நடுவில் சைக்கிளில் போகிற தூரம்தான். காலங்காலமாக மேலப்பண்ணைக்காரர்கள் கீழப்பண்ணையில் பெண் எடுத்திருக்கிறார்கள். கொடுத்ததில்லை. தண்ணீர் வராத ஊரில் பெண்ணைக் கொடுப்பார்களா என்பது அவர்கள் கேள்வி. மேலப்பண்ணையில் எந்த வீட்டு அடுப்படியில் எட்டிப் பார்த்தாலும் ஒரு கீழப்பண்ணைப் பெண் நிற்பாள். அவர்களில் நானும் ஒருத்தி.

சில வருடங்களுக்கு முன் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கீழப்பண்ணையில் நட்ட வயல் வெடித்துக் கிடந்தது. கலியமூர்த்தி மேலப்பண்ணை மதகில் இறங்கி, யாரையும் கேட்காமல் அடைப்புப் பலகையைத் தூக்கிவிட்டான். அன்று மதகைப் பார்த்துக்கொள்ளும் முறை என் கணவருக்கு. ஊர்ப் பஞ்சாயத்து வரை போயிற்று.

'கேட்டிருந்தால் நானே தூக்கிவிட்டிருப்பேன்' என்று இவர் சொன்னார். 'கேட்டால் தூக்கியிருக்க மாட்டார், அதனால்தான் கேட்கவில்லை' என்று அவன் சொன்னான். இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், இரண்டுமே உண்மை.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. உறவு முறியவில்லை. விசேஷங்களுக்கு வருவார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேசுவது மட்டும் என் மூலமாகத்தான். ஒரு காதுகுத்து விசேஷத்தில், எனக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன்.

"உன் தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளு. வாளிக்காரர் தாண்டிப் போறாரு."

"வேணாம்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா."

"நெய் கேட்டா கொண்டாரச் சொல்றேன்னு சொல்லு."

"அவரை மொதல்ல சாப்பிடச் சொல்லுக்கா."

சின்னக் குழந்தைகள் இப்படிச் செய்தால் முதுகில் இரண்டு வைப்போம். இவர்கள் இருவரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். என் இலையில் சோறு ஆறிக்கொண்டே இருந்தது. இவருக்கு உடம்பு சரியில்லாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கலியமூர்த்தி தினமும் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுப் போவான். உள்ளே வர மாட்டான். வந்தானா என்று இவர் தினமும் கேட்பார். உள்ளே வரச் சொல் என்று சொல்ல மாட்டார். நடுவில் நின்று நான் அலுத்துப்போனேன்.

ஆகவே, இரண்டு ஊரும் சேர்ந்து நிறுவனம் தொடங்கப்போகிறது, விதிமுறைகளை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொண்டேன். பொதுநல எண்ணம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அதெல்லாம் இல்லை. ஒரே குழுவில் உட்கார்ந்துவிட்டால் இவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசித்தானே ஆக வேண்டும்? எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

தாம்பூலம் எங்கே மாற்றுவது?

நிறுவனம் எதற்கு என்று கேட்பீர்கள். அறுப்பு மிஷினுக்காக.

சம்பா முற்றும் நேரத்தில் எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் மிஷின் வேண்டும். சின்ன ஊர் தனியாகக் கூப்பிட்டால், "இவ்வளவு கொஞ்ச நெலத்துக்கு வண்டிய எறக்கினா கட்டுப்படி ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் மழை வந்து, கதிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைத்துவிடும். இரண்டு ஊரும் ஒன்றாகச் சேர்ந்தால் மானியத்தில் சொந்தமாகவே மிஷின் வாங்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

மதகடியில் கூடிப் பேசினோம். கீழப்பண்ணைக்காரர்கள், "புரொபசரம்மா எங்க ஊரு பொண்ணு, நியாயமா எழுதுவாங்க" என்றார்கள். மேலப்பண்ணைக்காரர்கள், "அவங்க எங்க ஊரு மருமக, எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள். இத்தனை வயதில் இரண்டு ஊர் நம்மை இழுத்துக்கொண்டு சண்டை போடுவது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிறுவனத்தின் பெயரில் எந்த ஊர் முதலில் என்று பேச்சு கிளம்பிற்று. வாய்க்காலின் பெயரை வைத்து முடித்தேன். அலுவலகம் எங்கே, கிடங்கு எங்கே என்று அடுத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு நகரத்தில் பாதி, இன்னொரு நகரத்தில் பாதி நடக்கும். பெட்டி பெட்டியாகக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு மாதாமாதம் நாடு விட்டு நாடு போவார்கள். 'இதென்ன கூத்து' என்று வகுப்பில் நானே சிரித்திருக்கிறேன். இப்போது அலுவலகம் மேலப்பண்ணை, கிடங்கு கீழப்பண்ணை என்று என் கையாலேயே எழுதினேன்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது யாரோ ஒருவர் சொன்னார்: "எழுதறதுக்கு முன்னாடி தாம்பூலம் மாத்திக்கணுமே?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். ஒரு நல்ல காரியம், வெற்றிலை பாக்கு இல்லாமல் எப்படி? நானும்தான் தலையாட்டினேன்.

"எந்த ஊர்ல மாத்திக்கிறது?"

அங்கேதான் விழுந்தது முடிச்சு. ஐரோப்பாவில் ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு நாடும், எங்கள் ஊரில் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று மல்லுக்கட்டும். இடம் கொடுக்கிற நகரத்தின் பெயர் ஒப்பந்தத்தின் பெயராகவே நிலைத்துவிடும். எங்களிடம் நேர் எதிர்.

"நாங்க கீழப்பண்ணைக்கு வர்றோம். எப்பவும் நாங்கதானே வர்றது" என்றார்கள் மேலப்பண்ணைக்காரர்கள்.

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்? இந்தத் தடவை நாங்க வர்றோம். வாசல்ல நின்னு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார்கள் கீழப்பண்ணைக்காரர்கள்.

கேட்பவர்கள், ஆகா, என்ன ஒரு பெருந்தன்மை என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தில் நிச்சயதார்த்தம் நடக்கிற வீடு பெண் வீடு. தாம்பூலத்தட்டோடு வருகிறவர்கள் மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டார் நிற்க வேண்டும், பரிமாற வேண்டும், கடைசியில் சாப்பிட வேண்டும், எல்லார் கோபத்தையும் தாங்க வேண்டும். இதற்கு யார் ஒப்புக்கொள்வார்கள்?

"இது கம்பெனிங்க. இதுல பொண்ணும் கெடையாது, மாப்பிள்ளையும் கெடையாது" என்று கத்தினேன்.

"சரிதான் புரொபசரம்மா. அதான் ஒண்ணுமில்லைங்கிறீங்களே, அப்ப அவங்களே பொண்ணு வீடா இருந்துட்டுப் போகட்டுமே!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு ஊரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்பா நின்ற வாசல்

தம்பியைத் தனியாகப் பிடித்துத் திட்டினேன். மிஷின் வராமல் பயிர் சாய்ந்தால் முதலில் சாய்வது கடைமடைதான், தெரியவில்லையா என்றேன்.

"அக்கா, ஒங் கல்யாணத்துல அப்பா நின்னத நான் பாத்தேன். அந்த மாதிரி நான் நிக்க மாட்டேன்."

என் கல்யாணம் கீழப்பண்ணையில் நடந்தது. மேலப்பண்ணையிலிருந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் பந்தலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அப்பா கைகூப்பிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது. சூடாகக் காபி வந்தது. வேண்டாம் என்றார் அவர். மறுபடி வந்தது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கலியமூர்த்திதான் அந்தக் காபியைத் தூக்கிக்கொண்டு போகவும் வரவும் இருந்தான். நான் மணவறையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே நடந்தது பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்; அவன் இதுவரை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

இதை வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கும்தான் காபி வரல. நான் எதாவது கேட்டனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா நல்ல மனுஷன்" என்றார். "இதை அவங்கிட்ட சொல்லுங்களேன்" என்றேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் இரண்டு ஊருக்கும் பொதுவாகப் பாபநாசத்தில் மண்டபம் பிடித்தேன். அங்கே மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு சொல்லுங்கம்மா. வாசல் போர்டுல போடணும்."

"பேரு வேண்டாம். நல்வரவுன்னு மட்டும் போடுங்க."

"ஓடி வந்த கேஸாம்மா?" என்றார் தணிந்த குரலில்.

மறுபடி வாசலில்

அந்த வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை கையில் பையும் இருந்தது.

"மேடம், மத்தியானம் எனக்கு வேற ஊர்ல கூட்டம். இன்னைக்குப் பதிவு பண்ணலன்னா இந்த வருஷ மானியம் அடுத்த குழுவுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

தென்கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. டீக்கடை ஓரம் இவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். உரக்கடை ஓரம் அவனும் அதே மேகத்தைத்தான் பார்த்தான். இரண்டு பேர் வயலிலும் கதிர் முற்றி நின்றது. அப்படியும் ஒருவர் காலும் நகரவில்லை.

இதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களும் எப்போதோ உள்ளே போய்விட்டார்கள். சமையற்கட்டுப் பக்கமாக ஒரு வாசல் உண்டு. எல்லாரும் அக்கா தங்கை, அத்தை மகள் முறை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேசரி சாப்பிட்டபடி கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. பன்னீர்ச் செம்பை ஒரு கையிலும் சந்தனக் கிண்ணத்தை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு நேராக நடுரோட்டில் போய் நின்றேன். கும்பகோணம் டவுன் பஸ் ஒன்று எனக்கு முன்னால் கிறீச்சென்று நின்றது.

"ரெண்டு ஊரு மாப்பிள்ளை வீட்டாரும் வாங்க!" என்று கூவினேன். "நான்தான் பொண்ணு வீடு! ரெண்டு பேருக்கும் நான் ஒருத்திதான் பொண்ணு வீடு! வாங்க, வந்து உள்ள உக்காருங்க!"

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்த மாப்பிள்ளைய விட்டாலும் சரி, வழிய விடுங்கம்மா" என்றார்.

இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் யோசித்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தார்கள். வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருக்கினார்கள். யாருக்கு முதலில் பன்னீர் தெளித்தேன் என்ற பேச்சே வரக்கூடாது என்று செம்பைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே வீச்சாக வீசினேன். பாதி அதிகாரி மேல் விழுந்தது.

உள்ளே வந்தவர்கள் ஒழுங்காக உட்கார்ந்தார்களா? மாப்பிள்ளை வீட்டு முறுக்கு இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. மேலப்பண்ணைக்கு மின்விசிறி சரியில்லை. கீழப்பண்ணைக்குக் காபியில் சர்க்கரை தூக்கல். நான் ஓடி ஓடிக் கவனித்தேன். ஒருவழியாகத் தாம்பூலத்தட்டு கைமாறியது. வாங்கியது யார், கொடுத்தது யார் என்று தெரியாதபடி இரண்டு தட்டையும் குறுக்கும் நெடுக்குமாக நானே மாற்றி வைத்தேன்.

ஒரு பெண் வேண்டும்

நிர்வாகக் குழுவுக்கு ஊருக்கு ஐந்து பேர் என்று முன்பே பேசி முடித்திருந்தோம். மேலப்பண்ணைக்கு முதல் பெயர் கோவிந்தராசு. கீழப்பண்ணைக்கு முதல் பெயர் கலியமூர்த்தி. அதிகாரி பெயர்களை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"குழுவுல ஒரு பெண்ணாவது இருக்கணுமே. மொதல்லயே சொல்லியிருந்தேனே?"

சொல்லித்தான் இருந்தார். எல்லாரும் மற்ற ஊர் கொடுக்கும் என்று நினைத்திருந்தார்கள்.

"புரொபசரம்மா இருக்காங்கல்ல!" என்றார் ஒருவர். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

"சரி. எந்த ஊர் கணக்குல எழுதட்டும்? அந்த ஊர்ல ஒருத்தர் பேரை எடுக்கணும்" என்றார் அதிகாரி.

கைதட்டல் நின்றது.

"அவங்க கீழப்பண்ணைப் பொண்ணுங்க" என்றது மேலப்பண்ணை. "பொறந்த ஊருதானே கணக்கு."

"அதெப்படி? கட்டிக்குடுத்தாச்சுல்ல" என்றது கீழப்பண்ணை. "ரேஷன் கார்டுல எந்த ஊருன்னு பாருங்க."

மதகடியில் எங்கள் ஊர் எங்கள் ஊர் என்று இழுத்த அதே வாய்கள். ஒன்றியம் என்றால் எல்லாருக்கும் பொதுவான குடியுரிமை என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். நானே எழுதி, நானே நடுரோட்டில் கூவி உண்டாக்கிய ஒன்றியத்தில் எனக்கு ஊர் இல்லை.

பின் வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த மேலப்பண்ணைப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்கல்லாம் எந்த ஊருங்க?"

எனக்கு வந்ததைக் கோபம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். கோபம் இல்லை, வலித்தது. பிறந்த வீட்டு வாசலிலும் புகுந்த வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தியது போல இருந்தது. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதுவரை நான் உட்காரவே இல்லை.

கலியமூர்த்தி எழுந்தான்.

"எம் பேர எடுத்துடுங்க சார். அக்கா பேர எழுதுங்க. எங்க ஊரு."

அவன் ஊர்க்காரர்களே அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து நின்றார். வழக்கம்போல என் பெயரைச் சொல்லி என் பக்கம்தான் திரும்பினார்.

"தையலு, உன் தம்பிகிட்ட சொல்லு, அவன் எந்திரிச்சுட்டா கடைமடைக்குப் பேச ஆள் கெடையாதுன்னு. எம் பேர எடுக்கட்டும்."

"அக்கா, அதெல்லாம் வேணாம்னு அத்தான்கிட்ட சொல்லு."

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லமாட்டேன் என்று முடிவு செய்து சொல்லாமல் இருந்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். உண்மையில், பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

இவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேராக அவனைப் பார்த்தார்.

"ஒக்கார்றா மாப்ள."

கலியமூர்த்தி உட்காரவில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு சத்தம் போட்டான்.

"ஏன் அத்தான்? எங்க அக்கா. எங்க ஊர்ல எழுதிக்கிறோம். ஒங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? எம் பொண்டாட்டிடா அவ!"

மண்டபமே சிரித்தது. இவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்குக் கேக்காம பலகையத் தூக்கின. இன்னைக்கும் கேக்காம பேர எழுதறியா?"

"கேட்டா மட்டும் குடுத்துடுவீங்களா?"

"கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்! எங்க, இப்பக் கேளு!"

"இத்தனை வருஷமா ஏன் நீங்க ஒரு வார்த்தை பேசல?"

"நீ பேசினியாடா? ஆஸ்பத்திரி வராந்தால வந்து கல்லு மாதிரி ஒக்காந்திருந்தியே, உள்ள வந்தியா?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மேடையில் இருந்த அதிகாரி மிரண்டுபோய் என்னிடம் இறங்கி வந்தார். சட்டையில் பன்னீர் ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு கையில் பேனா, ஒரு கையில் பதிவுக் காகிதம்.

"மேடம், சண்டை பெரிசாகும்போல இருக்கே. நான் வேணா சமாதானம் பண்ணட்டுமா? எனக்கு நேரமாயிடுச்சு. உங்க பேருக்கு நேரா எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க, எழுதிடறேன்."

நான் அவர் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"இருங்க தம்பி, பேசட்டும்."